க்வெரி அண்ணாச்சியின் இடது முழங்கை

தூத்துக்குடியில் பிறந்து, தூத்துக்குடியிலேயே வளர்ந்து, இன்றுவரை ஒரு மனிதரைப் பார்த்துக்கூட 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்காத ஒரே ஆள் எங்கள் க்வெரி அண்ணாச்சிதான். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மண்டைக்கனமும் இல்லை. அந்தக் கேள்வியே தப்பு என்பது அவர் கட்சி.

"சாப்பிட்டாச்சான்னு கேட்டா சாப்பிடாதவனும் கூச்சப்பட்டு ஆச்சுன்னுதான் சொல்லுவான். பதில நாமளே அவன் வாயில ஊட்டிவிடக் கூடாது தங்கச்சி."

பிறகு எப்படிக் கேட்பார்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு இப்படிக் கேட்பார்:

"மத்தியானச் சாப்பாட்டப் பொறுத்தவரைக்கும் உங்க நிலைமை என்ன? ஒண்ணு, சாப்பிட்டாச்சு. ரெண்டு, சாப்பிடல. மூணு, பிற. நாலு, இப்போதைக்குத் தீர்மானிக்க முடியல."

இதைக் கேட்டு முடிப்பதற்குள் சாப்பிட்டவனுக்கும் மறுபடி பசி எடுத்துவிடும்.

இந்த வியாதி அவருக்குத் தொழிலில் வந்தது. நாங்கள் பார்த்தது மெடிக்கல் கோடிங். கீழே மக்ரூன் போடும் பேக்கரி, மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கேயோ அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பு கம்ப்யூட்டரில் எங்களிடம் வரும். அதை வாசித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று கோடு போட்டு அனுப்ப வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணப்பையைத் திறக்கும். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் வேகிற வாசனையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஊர்க்காரர்களின் சர்க்கரை வியாதிக்கு நாள் முழுக்க எண் போட்டிருக்கிறேன். அந்தச் சித்திரவதைக்கு மட்டும் எண்ணே கிடையாது.

நாங்கள் போட்ட எண் சரியா என்று பார்க்கிற ஆடிட்டர்தான் அண்ணாச்சி. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணமாகாதவர், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டியவர். அவருடைய பரம விரோதி டென்னிஸ் எல்போ.

டென்னிஸ் எல்போ என்று பேர்தானே தவிர, எனக்கு வந்த குறிப்புகளில் ஒருத்தராவது டென்னிஸ் ஆடியதாக ஞாபகம் இல்லை. பெயிண்டர், பிளம்பர், தோட்டத்து வேலியை வெட்டினவர், பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னின அம்மாள், இப்படித்தான் வருவார்கள். மணிக்கட்டைத் தூக்குகிற தசைநார் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டியிருக்கிறதே, அந்த இடம் நைந்துபோய் வருகிற வலி அது. வெளிப்பக்கம் இல்லாமல் உள்பக்கம் வலித்தால் அது கோல்ஃப் ஆடுகிறவர் முழங்கை, அதற்கு எண் வேறு. டென்னிஸ் எல்போ வலது கையில் என்றால் M77.11. இடது கை என்றால் M77.12. எந்தக் கை என்று டாக்டர் எழுதாமல் விட்டுவிட்டால் கடைசியில் ஒரு சைபர், M77.10.

அந்தச் சைபரைக் கண்டால் அண்ணாச்சிக்கு ரத்தம் கொதித்துவிடும்.

"ஒரு மனுசனுக்கு முழங்கை ரெண்டு. அதுல ஒண்ணு வலிக்கு. எதுன்னு தெரியாம எண்ணு போடுததுக்கு நாம என்ன குடுகுடுப்பைக்காரனாலே?" என்று முத்துவின் மேஜையைத் தட்டுவார். முத்து என் பக்கத்து சீட்டுக்காரன். சைபர் போட்டே பிழைக்கலாம் என்று நம்பியவன்.

"அண்ணாச்சி, பெயிண்டர்னு எழுதியிருக்கு. வலது கையாலதான பெயிண்ட் அடிப்பான்?"

"அவன் இடதுகைப் பழக்கமா இருந்தா? நீ போயி பாத்தியா? எழுதலன்னா நடக்கல. க்வெரி போடு!"

க்வெரி என்றால், டாக்டரிடம் திருப்பிக் கேட்பது. 'ஐயா, நீங்கள் எழுதியது தெளிவாக இல்லை, எந்தக் கை?' என்று கேட்கலாம். ஆனால் 'வலது கைதானே?' என்று கேட்கக் கூடாது. அது லீடிங் க்வெரி, அதாவது பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிற கேள்வி. தொழிலில் அது பெரிய குற்றம். ஆதாரம் உள்ள விடைகளை வரிசையாக எழுதி, 'பிற' என்று ஒன்றும், 'தீர்மானிக்க இயலவில்லை' என்று ஒன்றும் சேர்த்து, டாக்டரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் இந்த விதியை ஆபீஸிலேயே கழற்றிவைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அண்ணாச்சி மட்டும் அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

பரோட்டாக் கடையில் சப்ளையர் வந்து, "பொரிச்சதா, சாதாவா?" என்று கேட்டால் மனுஷர் முகம் மலர்ந்துவிடும். "பாத்தியா, ரெண்டு ஆப்ஷனும் சமமா குடுக்கான். 'பிற'ன்னு ஒண்ணு மட்டும் சேத்திருந்தா இவன நம்ம ஆபீஸ்லயே எடுத்துறலாம்" என்பார். கண்டக்டர் "திருநெல்வேலியா?" என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். அவர் போக வேண்டியது திருநெல்வேலியாகவே இருந்தாலும் சொல்ல மாட்டார். கண்டக்டர் கேள்வியைத் திருத்திக் கேட்கும்வரை பஸ்ஸில் மொத்தப் பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு தடவை பெண் பார்க்கப் போயிருக்கிறார். கேசரி வந்தது, வடை வந்தது, பெண்ணும் வந்துவிட்டுப் போனது. பெண்ணின் அப்பா ஆசையோடு, "என்ன மாப்பிள்ள, பொண்ணு பிடிச்சிருக்குல்லா?" என்று கேட்டிருக்கிறார்.

"கேள்விய நீங்க இப்படிக் கேக்கக் கூடாது" என்றாராம் அண்ணாச்சி.

அதோடு தரகர் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

இவ்வளவு கேலி செய்கிறேனே தவிர, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிய எனக்கு அந்த ஆபீஸில் ஒன்றும் ஓடவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்ன, இங்கிலீஷ் புரியலையா?" என்று ஒருத்தி கேட்டாள். "வீட்ல சண்டையா?" என்றான் முத்து. ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. அண்ணாச்சி வந்து நின்றார்.

"இன்னைக்கு உங்க மனநிலை எப்படி? ஒண்ணு, நல்லாருக்கு. ரெண்டு, நல்லால்ல. மூணு, பிற. நாலு, தீர்மானிக்க முடியல."

"மூணு" என்றேன், எரிச்சலில்.

"பிறன்னா விவரம் சொல்லணும். அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். பேசவே இல்லை. டீ வந்து, ஆறி, அதன்மேல் ஆடை படிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நானேதான் சொன்னேன், "பயமாருக்கு அண்ணாச்சி." அவர் தலையை ஆட்டிவிட்டு, அன்றைக்கு என்னுடைய குறிப்புகளை என்னோடு சேர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பயம் போன இடம் தெரியவில்லை.

சரி, முழங்கைக்கு வருகிறேன்.

நாள் முழுக்க மவுஸை இறுக்கிப் பிடித்து அடுத்தவர் முழங்கைகளைத் தணிக்கை செய்தவருக்கு, ஒரு நாள் தன்னுடைய முழங்கையே வலிக்க ஆரம்பித்தது. டீ டம்ளரைத் தூக்க முடியவில்லை. கதவுக் குமிழைத் திருக முடியவில்லை. நானும் முத்துவும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் நல்ல கைராசிக்காரர். எழுத்துதான் சுருக்கம். யாருக்கு என்ன வந்தாலும் ஒரே வரிதான்.

"என்னவே செய்யுது?" என்றார் டாக்டர்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். அவருக்குத் தன் வியாதியின் பெயர் தெரியும், எண் தெரியும், பக்கம் தெரியும். ஆனால் அவர் சொன்னால் அது டாக்டர் வாயில் ஊட்டியதாகிவிடுமே! "கையில ஒரு பிரச்சினை டாக்டர். மீதிய நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றார்.

டாக்டர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, முழங்கையின் வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். வெளிப்பக்கத்துக்கு இங்கிலீஷில் லேட்டரல்; "லேட்..." என்று அலறினவர் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார். நடுவிரலை நீட்டச் சொல்லி மேலிருந்து அழுத்தினார். அண்ணாச்சி கண்ணில் தண்ணீர். "டென்னிஸ் எல்போவே, ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லிச் சீட்டில் ஒரே வரி எழுதினார்: முழங்கை வலி, பிசியோதெரபி.

அண்ணாச்சி சீட்டை வாங்கி வாசித்தார். எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், ஒரு க்வெரி. வெளிப்பக்க எலும்புல அழுத்துனா வலி. நடுவிரல்ல எதிர்ப்புக் குடுத்தா வலி. இத வச்சு உங்க முடிவு என்னன்னு பேப்பர்ல இல்லையே. எந்தப் பக்கம்னும் இல்ல."

"வாயால சொன்னேம்லாவே. அதோட கை உம்மதுதான? எந்தப் பக்கம்னு உமக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் டாக்டர். பேப்பருக்குத் தெரியாதுல்லா?"

வாசலில் காத்திருந்த மீன்கார அம்மாள் ஒருத்திக்குப் பொறுமை போய்விட்டது. "வலது கைதாம் ஐயா! அன்னா வீங்கியிருக்குல்லா. எழுதிக் குடுத்து அனுப்புங்க, எனக்கு ஏலத்துக்கு நேரமாச்சு!"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, மிகுந்த வருத்தத்தோடு, "அம்மா, டாக்டர லீட் பண்ணாதீங்க" என்றார்.

கடைசியில் டாக்டர் எழுதினார். வலது, வெளிப்பக்கம், நோயின் முழுப்பெயர், எல்லாவற்றையும் எழுதிப் பேனாவை மேஜையில் போட்டார். "இவர உள்ள கூட்டிட்டுப் போங்க. ஜெசிந்தா பொறுமைசாலி. அவ பாத்துக்கிடுவா."

ஜெசிந்தா மேடம்தான் அங்கே பிசியோதெரபிஸ்ட். கடற்கரைப் பக்கத்துக்காரர். அண்ணாச்சியைவிட ஓரிரண்டு வயது குறைவாக இருக்கலாம், சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. வீட்டுப் பொறுப்பெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாமல் இருந்தவர். கையை நீட்டச் சொல்லி, "இங்கன வலிக்கா சார்?" என்றார்.

"மேடம், அப்படிக் கேட்டா வலிக்காட்டியும் வலிக்குன்னுதான் தோணும்."

வேறு யாராவதாக இருந்தால் அடித்தே விரட்டியிருப்பார்கள். ஜெசிந்தா மேடம் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, "சரி. இந்த இடத்துல எப்படி இருக்கு? வலி, கூச்சம், மதமதப்பு, இல்ல வேற எதுவுமா?" என்றார்.

அண்ணாச்சி அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் விழுந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

அதிலிருந்து ஆபீஸில் ஒரே பாராட்டு மழை. "என்னமா நோட்ஸ் எழுதுதாங்க தெரியுமா? வலது. வெளிப்பக்கம். மவுஸ் பிடிச்சா கூடுது, ஓய்வெடுத்தா குறையுது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம். எல்லாம் இருக்கு தங்கச்சி, எல்லாம் இருக்கு!"

"மேடம் சிரிச்சா எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்று முத்து வம்புக்கு இழுத்தான்.

அண்ணாச்சி காதுவரை சிவந்துபோய், "அது மெடிக்கல் ரெக்கார்டுல வராதுலே" என்றார்.

ஆனால் சனியன் பிடித்த முழங்கை, நன்றாக வைத்தியம் செய்தால் நன்றாகக் குணமாகிவிடுகிறது. ஒரு நாள் மேடம், "இப்ப எப்படி இருக்கு? கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அப்படியேவா, பிறவா?" என்று கேட்க, இந்த அரிச்சந்திரன் "பிற. வலியே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வலி இல்லாவிட்டால் சிகிச்சை எதற்கு? "இனிமே வர வேண்டாம் சார். வலது கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுங்க. மவுஸ இடது கையில பிடிங்க" என்று அனுப்பிவிட்டார் மேடம்.

முத்து தலையில் அடித்துக்கொண்டான். "லேசா இருக்குன்னு சொன்னா என்ன அண்ணாச்சி, வாயி வெந்துருமா?"

"இல்லாத வலிய இருக்குன்னு எழுத வைக்கதா? அதுக்குப் பேரு மோசடிலே. நான் ஆடிட்டர்."

அப்புறம் ஆபீஸே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் வேண்டுமென்றே M77.10 போட்டு அனுப்பினால்கூடக் கோபப்படவில்லை. திருத்திவிட்டுப் பெருமூச்சு விடுவார். திருத்தாமல் பெருமூச்சு மட்டும் விட்டாரோ என்று முத்துவுக்குப் பயமே வந்துவிட்டது. கொஞ்ச நாள் ஓய்வு என்று மேடம் சொன்னதை எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளாததால், மவுஸை மட்டும் இடது கையிலிருந்து மாற்றவே இல்லை. மேடம் சொன்னதாயிற்றே.

ஒரு காலையில் அண்ணாச்சி மாடிப்படியில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. மூச்சு வாங்க வாசலில் நின்றார். முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"தங்கச்சி! இடது! இடது முழங்கை! வெளிப்பக்கம்! டம்ளர தூக்க முடியல!"

வலி வந்ததற்காக ஆபீஸ் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்த ஒரே மனிதரையும் நான் பார்த்தாயிற்று. டப்பாவைக்கூட வலது கையில்தான் பிடித்திருந்தார், பாவம். "பழைய கைக்கும் புதுக் கைக்கும் சேத்து ஒரே கோடு போட்டுறலாமா அண்ணாச்சி?" என்று முத்து மக்ரூனை மென்றுகொண்டே கேட்டான். "ரெண்டு கைக்கும் சேத்து ஒரே கோடு கிடையாதுலே. ரெண்டுலயும் இருந்தா தனித்தனியா ரெண்டு போடணும். எனக்கு வலது குணமாயிட்டு. இப்ப M77.12 மட்டும்தான். புதுசு!" என்றார். ஏதோ புது வண்டி எடுத்தவர் மாதிரி சொன்னார்.

வைத்தியம் மறுபடி ஆரம்பித்தது. மேடமும் இடது முழங்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்ததாகத் தகவல். இந்த முறை அதை அண்ணாச்சியே எங்களிடம் ஒப்புக்கொண்டார். ரெக்கார்டில் வராத விஷயத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் காய்ச்சல் எந்த அளவு ஏறியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் இடி விழுந்தது. ஜெசிந்தா மேடத்துக்கு மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் வருவதற்கு வருஷங்கள் ஆகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் அவசரக் கூட்டம் போட்டோம். அண்ணாச்சி மேடத்திடம் எப்படிக் கேட்பது என்பதுதான் விவாதப் பொருள்.

"என்னயக் கட்டிக்கிடுதீயளான்னு கேளுங்க. முடிஞ்சு" என்றான் முத்து.

"பச்சையான லீடிங் க்வெரி. செல்லாது."

"என்னயப் பத்தி என்ன நினைக்கீங்கன்னு கேளுங்க அண்ணாச்சி" என்றேன் நான்.

"இது நல்லாருக்கு. ஆனா ரொம்ப அகலமா இருக்கு. மெனக்கெட்டுப் பதில் சொல்ல மாட்டாங்க."

"அப்ப உங்க வழிக்கே வாரேன். நாலு ஆப்ஷன் குடுங்க, அதுல ஒண்ணு கல்யாணம்னு வைங்க."

அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வைக்க முடியாது தங்கச்சி. ஒரு ஆப்ஷன வைக்கணும்னா அதுக்கு ஆதாரம் குறிப்புல இருக்கணும். மேடம் எழுதுன குறிப்புல என்ன இருக்கு? வலது முழங்கை இருக்கு, இடது முழங்கை இருக்கு. நெஞ்சப் பத்தி ஒரு வரி இல்லையே."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷர் விளையாடவில்லை என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தான் கேட்கிற விதத்தில் அந்தம்மா தன் மனசுக்கு மாறாக ஒரு பதில் சொல்லிவிடக் கூடாதே என்று நிஜமாகவே பயந்தார். அதற்காக அவரை இழந்துவிடவும் தயாராக இருந்தார், பைத்தியக்கார மனுஷர்.

சனிக்கிழமை என் ஸ்கூட்டரில்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வண்டி ஓட்டக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. வழி நெடுக என் காதருகே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒத்திகை என்று நினைக்கிறேன்.

பிசியோ அறையில் மேடம் அவருடைய இடது முழங்கையில் ஜெல்லைத் தடவி, அல்ட்ராசவுண்டு மெஷினை உருட்டிக்கொண்டிருந்தார். ஓரத்து ஸ்டூலில் அண்ணாச்சியின் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான். எழுந்து போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. நீங்களாக இருந்தாலும் போயிருக்க மாட்டீர்கள்.

"மேடம், ஒரு க்வெரி இருக்கு."

"கேளுங்க சார்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "இங்கன நான் வந்து போயிட்டு இருக்கேன். நீங்க பாத்துட்டு இருக்கீங்க. இது சம்பந்தமா உங்க அபிப்பிராயம் என்ன? ஒண்ணு, சிகிச்சை மட்டும். ரெண்டு, தெரிஞ்ச முகம். மூணு, பிற. நாலு, இப்போதைக்குத் தீர்மானிக்க முடியல."

மெஷின் உருளுவது நிற்கவில்லை. மேடம் தலையை நிமிர்த்தாமல், "மூணு" என்றார்.

"மூணுன்னா பிற. பிறன்னா விவரம் சொல்லணும் மேடம்."

"விவரம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா நான் சொன்னா அது உங்க பதிலா இருக்காதுல்லா."

எனக்கு வந்த கோபத்துக்குச் சோற்றுப் பையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். மேடம் மெஷினை அணைத்தார். அவர் முழங்கையைத் துடைத்துவிட்டார், நிதானமாக. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மஸ்கட்டுக்குத் திங்கக்கிழமை பதில் சொல்லணும். தெரியும்லா?"

"தெரியும்."

"ஆண்டவரே! இந்த மனுசன பெத்தாங்களா, டைப் அடிச்சாங்களா?" என்று மேலே பார்த்து முறையிட்டுவிட்டு, மேடம் அவர் முகத்துக்கு நேரே குனிந்தார். "சரி, நானே கேக்கேன். என்னயக் கட்டிக்கிட்டு என்கூட மஸ்கட்டுக்கு வாரீயளா? ஆமாவா, இல்லையா? பிற கிடையாது. தீர்மானிக்க முடியலங்கிற சோலியே வேண்டாம்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், இது முழுக்க முழுக்க லீடிங் க்வெரி."

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆனா..." என்று அவர் குரல் கேட்டது. "ஆமா. ஆமா மேடம். என் சோலிக்கு ஒரு கம்ப்யூட்டரும் கரண்டும் இருந்தா போதும், எங்க வேணும்னாலும் வாரேன்."

கண்ணைத் திறந்தேன். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி குறிப்பெழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு, "இப்ப வலி எப்படி இருக்கு?" என்றார்.

"எந்த வலி?" என்றார் அண்ணாச்சி.

எந்தக் கை, எந்தப் பக்கம் என்று ஊரையே உலுக்கி எடுத்தவர், எந்த வலி என்று கேட்டார். நான் அழுதேன் என்று முத்து பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான். அவன் அங்கே இல்லவே இல்லை, ஆகவே அது செல்லாது. ஆனால் அழுதேன்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அவர்கள் கல்யாண ஓலை வாசித்தபோது ஆபீஸே போய் உட்கார்ந்திருந்தது. சாமியார் மாப்பிள்ளை பெயராக யார் பெயரையோ வாசித்தார். பெண் பெயர் வருவதற்குள், "இது வேற எவனுக்கோ கல்யாணம்போல. நம்ம அண்ணாச்சிக்கு அடுத்த வாரம்தான் வாசிப்பாங்க" என்றான் முத்து. அவருடைய நிஜப் பெயரை அதுவரை எங்களில் ஒருத்தருமே கேட்டிருக்கவில்லை. அண்ணாச்சிக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சாமியார் சொன்னதில் சொக்கிப்போயிருந்தார். "எவ்வளவு சுத்தமான க்வெரி பாத்தியா தங்கச்சி? யாரையும் லீட் பண்ணல" என்று என் காதில் சொன்னார்.

கல்யாணத்தன்றைக்குத்தான் எங்களுக்கு உதறல். "இவரை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறீரா?" என்று சாமியார் கேட்டாரே, அது சந்தேகமே இல்லாமல் லீடிங் க்வெரி. அண்ணாச்சியின் உதடு லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன். ஜெசிந்தா மேடம் அவர் முழங்கையில் ஓர் இடி இடித்தார். கோயில் அதிர, "சம்மதிக்கிறேன்!" என்றார் மாப்பிள்ளை.

எந்த முழங்கை என்கிறீர்களா? இடது. வெளிப்பக்கம். பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது இரண்டு பேரும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அங்கே எவன் எவன் சைபர் போட்டுவிட்டு என்ன பாடு படுகிறானோ தெரியாது. நான் கோடிங்கை விட்டுவிட்டு இந்த மாதிரி எழுதிப் பிழைக்க வந்தாயிற்று. போன வாரம் சும்மாதான் அவருக்குப் போன் போட்டேன். வணக்கம் சொன்ன கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"என்ன விஷயமா கூப்பிட்டீங்க? ஒண்ணு, உடம்புக்கு எதும் முடியலையா. ரெண்டு, எதும் சந்தேகம் கேக்கவா. மூணு, பிறவா. நாலு, தீர்மானிக்க முடியலையா."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சந்தேகமும் இல்ல. மூணுதான் அண்ணாச்சி" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

அந்தப் பக்கமும் சத்தமில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். டீ ஆறி ஆடை படிகிற வரைக்கும் காத்திருப்பார். அந்த மாதிரி காத்திருக்க இந்த ஊரில் இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?

"பிறன்னா விவரம் சொல்லணும் தங்கச்சி. அவசரமில்ல" என்றார் கடைசியில்.

வாயால் சொல்ல முடியவில்லை, அண்ணாச்சி. அதனால்தான் எழுதிவிட்டேன்.